நாற்பது லைனுக்கு ஒரு மணி

போன கிழமை உங்கள் அறையில் எனக்கு ஒரு படம் கீறிக் காட்டினீர்கள். கணினி இயங்குதளத்தின் அடிப்பகுதியில், வலை இணைப்பு ஒன்று அறுந்தால் மேலே இருக்கிற நிரல்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்ற படம். முதல் நிகழ்வைச் சொல்லியாயிற்று. மேலே உள்ள நிரல் அதைக் கையில் எடுத்துவிட்டது. அது வேலையை முடிக்கும்வரை வேறொன்றும் சொல்லிக் குழப்பவேண்டாம். படம் அப்படித்தான் இருந்தது.

எனக்குக் கணினி மொழி தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கி, கடைசியில் உங்கள் பரிசோதனை அறையில் கேபிள் பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றேன். ஆனால் அந்தப் படத்தை எனக்குத் தெரியும். நான் அதை ஒருமுறை செம்புக்கம்பியால் கட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு உங்களிடம் ஒன்றும் கதைக்கவில்லை. வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணம். சண்டையால் பட்டணத்துத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குக் கிட்டவும் போகமுடியாத மாதங்கள். கோப்பாயில் ஒரு வீட்டின் முன்னறையில் பழைய கைப்பலகை ஒன்றை வைத்து நாற்பது லைன் ஓட்டினோம். கைப்பலகை என்றால், யார் யாரோடு கதைக்கவேண்டுமோ அவர்களை ஒப்பரேட்டர் கையால் கம்பி செருகி இணைப்பது. ஆஸ்பத்திரிகள், கூட்டுறவுச் சங்கக்கடைகள், இரண்டு கோயில், பாதிரியார் இருக்கிற ஒரு பங்குமனை, குருநகரில் ஒரு ஐஸ் கடை. லொறி பற்றரிகளில் எல்லாம் ஓடியது.

ஒப்பரேட்டர் திரேசக்கா. குருநகர்க்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் நிற்காது. மெக்கானிக் நான். எனக்கு வாய் திறக்காது. அதனால் ஒத்துப்போனோம்.

ஒவ்வொரு லைனிலும் மெல்லிய மின்சாரம் எந்த நேரமும் ஓடும். லைன் அறுந்தால் அது நிற்கும். நின்றால் சுவரில் இருக்கிற மரப்பெட்டியில் அந்த லைனின் தகடு விழும், மேலே மணி அடிக்கும். பெட்டி திரேசக்காவின் முதுகுப்பக்கம் இருந்தது. அறையில் வேறு இடமில்லை. மணி கேட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். எந்தத் தகடு என்று எனக்குச் சொல்வார். நான் சைக்கிளை எடுப்பேன்.

அந்த நாளில் லைன் அறுவதற்குக் காரணம் தேடத் தேவையில்லை. ஒரு நாளில் ஐந்து அறும். சிலதைத் திருத்தப் போகவும் முடியாது. திருத்தும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் வேலைக்கு வந்து பார்க்கிறேன், மணிக்குள் துணி அடைத்திருந்தது.

"ஆரக்கா உதைச் செய்தது?"

"நான்தான். எனக்குக் காது ரண்டுதான் இருக்குது. ஒண்டு போனுக்கு வேணும். மற்றதை உன்ரை மணி தின்னுது."

அவரிலும் பிழையில்லை. அடித்துக்கொண்டே இருக்கிற மணியை யாரும் கேட்கமாட்டார்கள். நான் யோசித்தேன். இரண்டு நாள் இருந்து ஒரு நிறுத்துச் சாவி, மணியை நிறுத்துகிற சுவிட்ச், செய்தேன். மணி அடித்தால் திரேசக்கா சாவியை அமர்த்துவார். மணி நிற்கும். தகடு விழுந்தபடியே இருக்கும். எல்லா லைனும் சரியானதும் மணி தானாக மறுபடி ஆயத்தமாகிவிடும். சாவியைத் திருப்பி வைக்க யாரும் ஞாபகம் வைத்திருக்கவேண்டியதில்லை. அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமை.

சோதித்தும் பார்த்தேன். நாற்பது லைனையும் சோதித்தேன். ஒன்றைக் கழற்றுவேன், மணி அடிக்கும், சாவியை அமர்த்துவேன், நிற்கும், கம்பியைத் திரும்பப் பூட்டுவேன். பிறகு அடுத்தது. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

ஒன்றொன்றாகத்தான் சோதித்தேன். அதைக் கவனியுங்கள்.

மூன்று கிழமை எல்லாம் நன்றாகப் போவதாகத்தான் நினைத்தோம். நாலாவது கிழமை என் மனைவி புவனத்தை வட்டுக்கோட்டைக்கு அப்பால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளுடைய தாய்வீடு அந்தப் பக்கம். முதல் பிள்ளை. கால் வீங்கி, தலையிடியும் இருந்தது. அங்கே ஒரு டொக்டர் இருந்தார். ஆனால் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கிற வசதி இல்லை. அதற்குப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேண்டும். அம்புலன்ஸும் அங்கிருந்துதான் வரவேண்டும். வேறு வாகனத்தைக் காவலரணில் விடமாட்டார்கள்.

நான் கூட நிற்கட்டோ என்று டொக்டரிடம் கேட்டேன்.

"நீர் எக்ஸ்சேஞ்சிலைதானே வேலை? உமக்கு இஞ்சை என்ன வேலை? அங்கை போய் லைனைப் பாத்துக்கொள்ளும். தேவையெண்டால் நான் போன் எடுப்பன். அம்புலன்ஸ் அரை மணித்தியாலத்திலை வரும். உம்மாலை இவவுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்."

சரியென்று பட்டது. புவனத்திடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "லைன் அறுந்தால் உங்களுக்குத் தெரியுந்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

"உடனை தெரியும். மணி அடிக்கும்."

அடுத்தநாள் காலை ஏழு மணிக்கு நான் பலகைக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போது எல்லா லைனும் சரியாக இருந்தது. ஏழரைக்கு மணி அடித்தது. திரேசக்கா திரும்பிப் பார்த்தார்.

"இருந்துகொள்ளடா. குருநகர் ஐஸ் கடை."

சாவியை அமர்த்தினார். மணி நின்றது. குருநகரில் அன்று காலையிலிருந்து வெடிச்சத்தம். போய்த் திருத்துகிற கதையே இல்லை. அந்தத் தகடு நாள் முழுக்க விழுந்துதான் கிடக்கும் என்று இருவருக்கும் தெரியும். திரேசக்காவின் வீடும் அந்தப் பக்கந்தான். அவர் சிலுவை போட்டுவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

எட்டு மணி. ஒன்பது மணி. நான் எழும்பி இருந்தேன், இருந்து எழும்பினேன்.

"ஆஸ்பத்திரி எடுத்ததோ அக்கா?"

"எடுத்தால் சொல்லமாட்டனே? தம்பி, நீ முன்னாலை நிண்டு முழுசாதை. உன்ரை முகத்தைப் பாத்தால் எனக்கே நோக்காடு வரும்போலை கிடக்கு."

ஒன்பதேகாலுக்கு ஆஸ்பத்திரி எடுத்தது. நான் பாய்ந்துபோனேன். மருந்து கலக்குகிறவர் சங்கக்கடையில் ஸ்பிரிட் வந்துவிட்டதா என்று கேட்டார். திரேசக்கா இணைத்துவிட்டு, முடிந்ததும் இடையில் புகுந்து கேட்டார். "எங்கடை பொடியன்ரை மனிசி எப்பிடி?" பிரசவ நோ தொடங்கிவிட்டதாம். வேறு ஒன்றும் தெரியாதாம். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நான் எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அங்கே ஒரு போன், ஒரு லைன். நான் அதில் கதைத்துக்கொண்டிருக்கிற நேரம் டொக்டருக்குத் தேவை வந்தால்? லைனை வெறுமையாக விடுவதுதான் முறை என்று என்னைக் கட்டிவைத்தேன். டொக்டர் எடுக்கவில்லை என்றால் தேவை வரவில்லை. மணி அடிக்கவில்லை என்றால் லைன் நன்றாக இருக்கிறது. இந்த இரண்டையும் மனதுக்குள் மாறி மாறிச் சொன்னேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால். பத்து. பத்தே கால். சத்தமில்லாமல் இருப்பது நல்ல செய்தி என்று நினைத்தேன்.

பத்து நாற்பதுக்குப் பற்றரிக்குத் தண்ணீர் விட எழும்பினேன். கையில் வேலை இருந்தால் நல்லது என்றுதான். பெட்டியைக் கடந்து போகும்போது பார்த்தேன். தகடு இரண்டு விழுந்திருந்தது. ஒன்று குருநகர். மற்றது ஆஸ்பத்திரி.

தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தேன். மணியைப் பார்த்தேன். அது அசையாமல் இருந்தது.

அந்த இடத்தில் நின்றபடியே விளங்கியது. நாற்பது லைனுக்கும் ஒரு மணி. அந்த மணிக்கு ஒரு சாவி. குருநகருக்காக ஏழரை மணிக்கு அதை அமர்த்தினோம். குருநகர் திருந்தும்வரை மணி ஊமை. குருநகருக்கு மட்டும் அல்ல, நாற்பதுக்கும் ஊமை. இரண்டு லைன் ஒரே நேரத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

"அக்கா, ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கோ."

அவர் திரும்பித் தகட்டைப் பார்த்தார். முகம் மாறியது. அழைப்புக் கைபிடியைச் சுழற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி சுழற்றினார்.

"செத்துப்போச்சு தம்பி. உது எப்ப விழுந்தது?"

எப்போது விழுந்தது? என் பெட்டிக்கு அது தெரியாது. விழுந்தது என்று மட்டும் சொல்லும். ஒன்பதேகாலுக்கு லைன் இருந்தது. இப்போது இல்லை. இடையில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். அதற்குள் டொக்டர் எத்தனை தரம் கைபிடியைச் சுழற்றினாரோ. சுழற்றாமலும் இருந்திருக்கலாம்.

என்ன செய்யலாம்? சைக்கிளில் லைன் வழியே போய் அறுந்த இடத்தைத் தேடலாம். ஒரு மணித்தியாலமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். அம்புலன்ஸைக் கேட்கலாம். ஆனால் பட்டணத்தில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒன்றுதான். டீசல் தட்டுப்பாடு. டொக்டர் கேட்டால்தான் வெளிக்கிடும். அது கண்டிப்பு. போகிற நேரத்தில் வேறு பக்கத்தில் ஒருத்தருக்குத் தேவைப்பட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை.

திரேசக்கா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கம்பியைச் செருகிவிட்டு என்னைப் பார்த்தார். குரலைக் குறைத்துச் சொன்னார். "டொக்டர் கேட்டவர் எண்டு சொல்லு. ஒரு பொய்தானே. பாவசங்கீர்த்தனத்திலை நான் சொல்லிக் கழுவிப்போட்டு வாறன்."

குழலை வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பொய் வாய்க்குள் வந்துவிட்டது. இன்றைக்கும் அதன் சுவை தெரியும். அங்கே தலைமைத் தாதியான மேற்றன் எடுத்தார். அம்புலன்ஸ் அவர் பொறுப்பு. நேரில் கண்டதில்லை. குரல் மட்டும் பழக்கம். கண்டிப்பான மனுசி.

"ஆர்?"

"எக்ஸ்சேஞ்ச். வட்டுக்கோட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் வேணும்."

"டொக்டர் கேட்டவரோ?"

அந்தக் கேள்விக்கு ஓம் என்று ஒரு சொல் போதும். ஆனால் இந்தப் பலகையிலிருந்து வருகிற சொல்லை நம்பித்தான் அந்த மனுசி ஒவ்வொரு நாளும் வண்டியை விடுகிறார். அதில் ஒன்று பொய் என்று தெரிந்தால், நாளைக்கு உண்மையாகக் கேட்கிறவனிடமும் இரண்டு கேள்வி கூடக் கேட்பார். அந்த இரண்டு கேள்விக்குள் ஒரு உயிர் போகும். இதையெல்லாம் அப்போது இவ்வளவு ஒழுங்காக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். நாக்கு திரும்பவில்லை, அவ்வளவுதான்.

"இல்லை. கேக்கேல்லை."

"அப்ப?"

"கேக்க வழியில்லை. லைன் செத்துப்போச்சு. எப்ப எண்டு தெரியாது. கடைசியாக் கதைச்சது ஒம்பதேகால். அங்கை ஒரு பிள்ளைப்பேறு நடக்குது. அது என்ரை மனிசி. அதையும் சொல்லிப்போடுறன்."

"உங்களுக்கு எப்ப தெரியவந்தது?"

"இப்பத்தான்."

"உங்கடை மணி அடிக்கேல்லையோ?"

"இல்லை. நான் பிழையாக் கட்டிப்போட்டன்."

"வைக்கிறன்."

வைத்துவிட்டார். ஓமா, இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தக் குழலைப் பிடித்தபடி நின்றேன். திரேசக்கா அதை என் கையிலிருந்து வாங்கித் தன் இடத்தில் வைத்தார். அவரும் கதைக்கவில்லை. அவர் கதைக்காமல் இருந்ததை நான் கண்டது அன்றுதான். நாலு நிமிடம். பலகையில் பட்டணத்து ஆஸ்பத்திரியின் அழைப்புத் தகடு விழுந்தது. திரேசக்கா எடுத்தார், கேட்டார், வைத்தார்.

"வெளிக்கிட்டிட்டுதாம்."

நான் சைக்கிளை எடுத்தேன்.

அம்புலன்ஸ் போகிற வழியில், ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல் இப்பால், ஒரு ஆள் சைக்கிளைக் குறுக்கே போட்டு மறித்திருக்கிறார். ஆஸ்பத்திரித் தொழிலாளி. அம்புலன்ஸ் கேட்டு டொக்டர் எழுதிய துண்டுத்தாள் சட்டைப்பையில் இருந்தது. றோட்டில் வெடி என்று தோட்டவெளிப் பாதையால் சுற்றி வந்திருக்கிறார். பட்டணம் போய்ச் சேர இன்னும் முக்கால் மணித்தியாலம் எடுத்திருக்கும். துண்டில் டொக்டர் நேரம் எழுதியிருந்தார். ஒன்பது ஐம்பது. அதற்கு முதல் பத்து நிமிடம் போனோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அப்படியானால் அவர் முதல் கைபிடி சுழற்றியது ஒன்பது நாற்பதுக்கு. நான் தகட்டைக் கண்டது பத்து நாற்பதுக்கு.

ஒரு மணித்தியாலம்.

பட்டணத்தில் வெட்டி எடுத்தார்கள். புவனம் தப்பினாள். பெண்பிள்ளை. அழவில்லை.

வெட்டிய டொக்டரை நான் வாசலில் மறித்தேன். "ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால்?"

அவர் என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்திருக்கவேண்டும். "சொல்லேலாது தம்பி," என்றார். "பிள்ளை தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம். இன்னும் பிந்தியிருந்தால் தாயும் இல்லை. அது மட்டும் தெரியும்."

இவ்வளவு காலத்தில் அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியவரவில்லை.

மூன்றாம் நாள் புவனம் கட்டிலில் சாய்ந்து இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் மேலே பார்த்தபடி கேட்டாள்.

"மணி அடிக்கேல்லையோ?"

"அடிக்கேல்லை."

"ஏன்?"

சொன்னேன். கட்டில் விரிப்பில் விரலால் கீறிக் காட்டினேன். இது குருநகர், இது நீ இருந்த இடம், இது மணி, இது சாவி. அவள் கடைசிவரை கேட்டாள்.

"ஒருத்தன் கத்துறான் எண்டு அவன்ரை வாயைப் பொத்தினியள். அதோடை எல்லாற்றை வாயும் பொத்துப்பட்டுப்போச்சு."

"ஓம்."

"பிறகு சத்தமில்லை, எல்லாரும் சுகம் எண்டு இருந்திட்டியள்."

"ஓம்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "போய் அதைத் திருத்துங்கோ. இஞ்சை நிண்டு என்ன செய்யப்போறியள்?"

உங்கள் வேலைக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என்னுடைய அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். ஒரு இணைப்பின் செய்தியை நிறுத்துகிறபோது அதை மட்டும் நிறுத்துங்கள். அடுத்த இணைப்புக்கு அதில் பங்கு இருக்கக்கூடாது. நிகழ்வு வந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வந்தது, இப்போது நிலைமை என்ன, கேட்கிறவன் கேட்டால் பெட்டிக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும். இரண்டை ஒன்றாக அறுத்துப் பாருங்கள். பிறகு மூன்றை. மணி அடிக்காததை நம்புவதற்கு முன், அந்த மணிக்கு அடிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்றே மேலே அனுப்புங்கள். மேற்றன் அன்றைக்கு வண்டியை விட்டது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். பிறகு ஒருநாள் அவரே சொன்னார். அடுத்த கிழமையிலிருந்து அவர் ஒரு முறையும் வைத்தார். ஆஸ்பத்திரி லைன் ஒன்று செத்தது என்று நாங்கள் சொன்னால், அங்கிருந்து அழைப்பு வந்ததாகவே எடுத்துக்கொள்வார்.

புவனம் சொன்னபடி திருத்துவதற்குச் சாமான் குறைவு. நாற்பது லைனுக்கும் தனித்தனிச் சாவி செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை. திரேசக்காவின் பலகைக்கு மேலே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி மாட்டினேன், பின்சுவர்ப் பெட்டி அதில் தெரியும்படி.

"இதென்ன, என்ரை நரையை எண்ணவோ?"

"பெட்டியைப் பாக்க."

"பெட்டியும் தெரியுது, நரையும் தெரியுது. நீ ஒரு வேலைக்கு ரண்டு வேலை செய்யிற ஆள்." சொல்லிவிட்டு அவர் உடனே கண்ணாடியில் பெட்டியைப் பார்த்தார். அன்றிலிருந்து எந்த அழைப்பின் நடுவிலும் அவருடைய கண் அங்கே போய் வரும்.

ஐந்து ஆஸ்பத்திரி லைனை மட்டும் பிரித்து எடுத்தேன். அவற்றுக்கு வேறு கம்பி, வேறு மணி. பழைய தந்திக் கந்தோர் மணி ஒன்று கிடைத்தது. கனத்த சத்தம். ஐந்து லைன் என்றபடியால் எந்த நாளும் அடித்துக்கொண்டிருக்காது. அடித்தால் காரணம் இருக்கும்.

முடித்த அன்று பின்னேரம். பெட்டியில் ஏற்கெனவே நாலு தகடு விழுந்திருந்தது. பழைய மணி நிறுத்தப்பட்டிருந்தது. நல்ல நேரம் என்று நினைத்தேன். திரேசக்காவுக்குச் சொல்லாமல் பின்னால் போய் வட்டுக்கோட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரியின் கம்பியைக் கழற்றினேன்.

மணி அடித்தது.

திரேசக்கா துள்ளிப்போனார். பழக்கத்தில் கை சாவிக்குப் போனது. அமர்த்தினார். அடித்துக்கொண்டிருந்தது. இன்னொருதரம் பலமாக அமர்த்தினார்.

"உது நிக்காதோ தம்பி?"

"நிக்காது."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"அம்புலன்ஸுக்குச் சொல்லுறது. எனக்குச் சொல்லுறது. நான் போய்ப் பாக்கிறது."

"அதுமட்டும் உது கத்திக்கொண்டே இருக்குமோ?"

"ஓம் அக்கா."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தார்.

கழற்றிய கம்பி என் கையில் இருந்தது. சோதனை முடிந்துவிட்டது, திரும்பப் பூட்டவேண்டியதுதான். உடனே பூட்ட மனம் வரவில்லை. கொஞ்சநேரம் அடிக்கட்டும் என்று விட்டேன்.